கணக்காளர் உரிமம்: பணிக்காக இடம்பெயரும் முன் எங்கே பெறுவது?

கணக்காளர் உரிமம் என்பது நிறுவனங்களின் நிதிநிலை அறிக்கைகளைத் தணிக்கை செய்து கையொப்பமிடவும், சட்டப் பாதுகாப்புள்ள தொழிற்பெயரைப் பயன்படுத்தவும் ஓர் அரசோ அரசின் அதிகாரம் பெற்ற அமைப்போ அளிக்கும் அனுமதி ஆகும். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பது போலவே இந்த உரிமத்துக்கும் எல்லை உண்டு. பற்று வரவு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். கையொப்பமிடும் உரிமை அப்படியல்ல. சென்னையில் தணிக்கை அறிக்கையில் கையொப்பமிடும் பட்டயக் கணக்காளர் சிகாகோவில் அதைச் செய்ய முடியாது. நியூ ஜெர்சியில் உரிமம் பெற்றவர் டெக்சாசில் குடியேறி அலுவலகம் வைத்தால், அங்கே மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

வேலைக்காக ஊரோ நாடோ மாறப்போகிறவர், எந்த இடத்தின் உரிமத்துக்கு முயல்வது என்பதைப் படிப்பு தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியிருப்பது இதனால்தான். முடிவு தவறினால் போவது கட்டணம் மட்டுமல்ல, ஆண்டுகளும்தான். இந்தக் கேள்வி மிகச் சிக்கலாக எழும் நாடு அமெரிக்கா. ஒரே நாட்டுக்குள் பல உரிமங்கள் இருப்பதும், தமிழகத்திலிருந்தே அதன் தேர்வை எழுத முடிவதும் அதற்குக் காரணங்கள். எனவே இக்கட்டுரை அமெரிக்காவின் சான்றுபெற்ற பொதுக் கணக்காளர் உரிமத்தை, அதாவது சி.பி.ஏ. உரிமத்தை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. பிற நாடுகள் ஒப்பீட்டுக்காக மட்டும் சுருக்கமாகச் சொல்லப்படுகின்றன.

உரிமம் தேவைப்படுவது யாருக்கு?

கணக்குத் துறையில் வேலை செய்யும் எல்லாருக்கும் உரிமம் தேவையில்லை. ஒரு நிறுவனத்தின் உள்ளே கணக்கு எழுதுபவர், செலவு ஆய்வாளர், உள் தணிக்கையாளர், நிதி மேலாளர் ஆகியோர் பெரும்பாலான நாடுகளில் உரிமம் இல்லாமலேயே பணியாற்றலாம். விளம்பரத்தில் "சி.பி.ஏ. விரும்பத்தக்கது" என்று நிறுவனம் கேட்டால் அது அந்த நிறுவனத்தின் விருப்பம், சட்டத்தின் கட்டளை அல்ல. வெளி நிறுவனங்களின் கணக்கைத் தணிக்கை செய்து பொதுமக்களுக்கு உறுதி கூறும் பணிதான் சட்டத்தால் காக்கப்பட்டது.

சான்றிதழ், உரிமம் என்ற இரண்டையும் பலர் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் மேலாண்மைக் கணக்காளர் நிறுவனம் தரும் சி.எம்.ஏ. ஒரு தொழில்முறைச் சான்றிதழ். அதை வைத்திருப்பவர் எந்த மாநிலத்துக்குப் போனாலும் அது அவருடனேயே போகும். ஆனால் தணிக்கைக் கையொப்ப உரிமையை அது தராது. மற்றொன்று, பதிவு பெற்ற முகவர் என்னும் இ.ஏ. தகுதி. இதை அமெரிக்க நடுவண் அரசின் வருவாய்த் துறை வழங்குகிறது. இதற்குப் பட்டப்படிப்பு கட்டாயமில்லை. 3 பகுதிகள் கொண்ட தேர்வில் தேர்ச்சி பெற்றுப் பின்னணிச் சோதனையைக் கடந்தால் போதும். வரி செலுத்துவோர் சார்பில் அத்துறையின் முன் வாதாடும் உரிமை 50 மாநிலங்களிலும் கிடைக்கும். வரிப் பணி மட்டுமே செய்யப்போகிற, அடிக்கடி மாநிலம் மாறக்கூடிய ஒருவருக்குச் சி.பி.ஏ.வைவிட இது பொருத்தமாக அமையலாம். இந்த வழி இருப்பதையே அறியாமல் சி.பி.ஏ. பயிற்சிக்குப் பெரும்பணம் கட்டியவர்கள் உண்டு.

ஒரே தேர்வு, 55 வாரியங்கள்

அமெரிக்காவில் கணக்காளர் தொழிலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களிடம் இருக்கிறது. 1896இல் நியூயார்க் மாநிலம் முதன்முதலில் சி.பி.ஏ. சட்டம் இயற்றியது. பிற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. இன்று 50 மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன் உள்ளடங்கிய கொலம்பியா மாவட்டம், போர்ட்டோ ரிக்கோ, குவாம், அமெரிக்க வர்ஜின் தீவுகள், வட மரியானா தீவுகள் எனச் சேர்த்து 55 அதிகார எல்லைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி வாரியம், தனி விதிகள், தனிக் கட்டணம்.

தேர்வு மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. 1917 முதல் நடந்துவரும் இந்தச் சீர்மைத் தேர்வின் வினாக்களை அமெரிக்கச் சி.பி.ஏ. கழகம் தயாரிக்கிறது. மாநில வாரியங்களின் தேசியக் கூட்டமைப்பான நாஸ்பா, விண்ணப்பங்களையும் மதிப்பெண்களையும் ஒருங்கிணைக்கிறது. 2004 முதல் தேர்வு கணினியில் நடக்கிறது. 2024 சனவரியில் அதன் அமைப்பு மாற்றப்பட்டது. இப்போது தணிக்கை, நிதிக் கணக்கியல், வரியும் ஒழுங்குமுறைச் சட்டமும் ஆகிய 3 தாள்கள் அனைவருக்கும் கட்டாயம். வணிகப் பகுப்பாய்வு, தகவல் அமைப்புக் கட்டுப்பாடுகள், வரித் திட்டமிடல் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்வர் தாமே 4ஆவது தாளாகத் தெரிந்தெடுக்கிறார். எதைத் தெரிந்தெடுத்தாலும் கிடைக்கும் உரிமம் ஒன்றே. ஒவ்வொரு தாளும் 4 மணி நேரம். தேர்ச்சி எல்லை 75. இந்த 75 என்பது விழுக்காடு அல்ல. 0 முதல் 99 வரையான ஓர் அளவுகோலில் உள்ள புள்ளி.

அலாஸ்கா வாரியத்தின் வழியாக எழுதினாலும் புளோரிடா வாரியத்தின் வழியாக எழுதினாலும் வினாக்களின் தரம் ஒன்றே. ஆகவே "எந்த மாநிலத்தில் தேர்வு எளிது?" என்ற கேள்விக்கே பொருளில்லை. மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது தேர்வுக்கு முன்னுள்ள வாசலும் தேர்வுக்குப் பின்னுள்ள வாசலும்தான். யாரைத் தேர்வெழுத விடுவது என்பது முன்வாசல். யாருக்கு உரிமம் தருவது என்பது பின்வாசல். பல வாரியங்கள் முன்வாசலை அகலமாகவும் பின்வாசலைக் குறுகலாகவும் வைத்திருக்கின்றன. முன்வாசலை மட்டும் பார்த்து மாநிலத்தைத் தேர்ந்தவர் 4 தாள்களிலும் தேறிய பிறகும் உரிமமின்றி நிற்க நேர்கிறது. தேர்வில் தேர்ச்சி பெற்றுவிட்டாலும் உரிமம் கைக்கு வரும்வரை பெயருக்குப் பின்னால் சி.பி.ஏ. என்று போட்டுக்கொள்வது சட்டப்படி தவறு.

150 என்னும் கணக்கு

உரிமத்துக்கான தகுதிகள் கல்வி, தேர்வு, அனுபவம் என மூன்று. இவற்றுள் கல்விதான் இந்தியாவிலிருந்து செல்வோரை முதலில் தடுக்கும் கல்.

அமெரிக்கக் கல்லூரிகளில் படிப்பைக் கிரெடிட் மணிநேரத்தால் அளக்கிறார்கள். ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் நடக்கும் வகுப்பு ஒரு கிரெடிட். ஆண்டுக்கு 30 கிரெடிட் வீதம் 4 ஆண்டு இளங்கலைப் பட்டம் 120 கிரெடிட் ஆகிறது. சி.பி.ஏ. உரிமத்துக்கு 150 கிரெடிட் வேண்டும் என்பது பல ஆண்டுகளாக மாநிலங்களின் பொது விதி. அதாவது பட்டத்துக்கு மேல் இன்னும் ஓராண்டுப் படிப்பு. தேர்வெழுத மட்டும் 120 போதும் என்று அனுமதிக்கும் வாரியங்கள் பல.

தமிழகக் கல்லூரிகளில் வழக்கமாக உள்ள 3 ஆண்டு பி.காம். பட்டத்துக்கு, ஆண்டுக்கு 30 என்ற அதே கணக்கில், 90 கிரெடிட் கிடைக்கும். முன்வாசலுக்கே 30 குறைவு. 2 ஆண்டு எம்.காம். சேர்ந்தால் 150ஐத் தொடலாம். இந்தியப் பட்டயக் கணக்காளர் தேர்வுகளுக்கும் மதிப்பீட்டாளர்கள் பலர் கிரெடிட் அளிக்கிறார்கள். ஆனால் மொத்தம் 150 வந்துவிட்டால் மட்டும் முடிந்துவிடாது. அதற்குள் கணக்கியல் பாடங்களில் இத்தனை, வணிகப் பாடங்களில் இத்தனை என்று ஒவ்வொரு வாரியமும் உள்ளொதுக்கீடு வைத்திருக்கிறது. பி.காம். படிப்பில் மொழிப்பாடத்துக்குச் செலவான கிரெடிட் மொத்தத்தில் சேரும். கணக்கியல் ஒதுக்கீட்டில் சேராது. டெக்சாஸ் மாநிலம் தன் வாரியம் ஏற்ற 3 கிரெடிட் நெறிமுறைப் பாடம் ஒன்றைத் தனியே கேட்கிறது. வேறு மாநிலத்துக்கென்று பாடங்களைத் திட்டமிட்டுப் படித்தவரிடம் இப்பாடம் இருக்காது.

வெளிநாட்டுப் பட்டத்தை அமெரிக்க அளவில் மாற்றிச் சொல்ல மதிப்பீட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. சில வாரியங்கள் நாஸ்பாவின் மதிப்பீட்டுப் பிரிவு தரும் அறிக்கையை மட்டுமே ஏற்கும். சில வேறு நிறுவனங்களையும் ஏற்கும். ஒரே மதிப்பெண் பட்டியலுக்கு இரு மதிப்பீட்டாளர்கள் இரு விடை சொல்வதும் உண்டு. அதனால் முதலில் மாநிலத்தைத் தேர்ந்து, அது ஏற்கும் மதிப்பீட்டாளரிடம் போவதே சரியான வரிசை. மாற்றிச் செய்தால் இரண்டாவது மதிப்பீட்டுக்கும் கட்டணம் கட்ட வேண்டிவரும். பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் மதிப்பெண் பட்டியல் வாங்கும் அலைச்சலும் இரட்டிப்பாகும்.

இந்த 150 கிரெடிட் விதி இப்போது தளர்ந்துவருகிறது. கணக்கியல் படிக்க வரும் மாணவர் எண்ணிக்கை குறைந்ததால், ஐந்தாம் ஆண்டுப் படிப்பின் செலவு ஒரு தடை என்ற குரல் அமெரிக்காவில் வலுத்தது. 2025 சனவரியில் ஒகையோ மாநிலம், இளங்கலைப் பட்டமும் 2 ஆண்டு அனுபவமும் தேர்வுத் தேர்ச்சியும் இருந்தால் உரிமம் தரும் மாற்று வழிக்குச் சட்டம் இயற்றியது. இது 2026 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வருவதாக அச்சட்டம் கூறுகிறது. தொடர்ந்து வேறு பல மாநிலங்களும் இவ்வழியில் சட்டம் இயற்றின. இந்தியப் பட்டதாரிகள் இதைக் கண்டு மகிழும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே இளங்கலைப் பட்டம் என்று சொல்வது அமெரிக்கப் பட்டத்துக்கு இணையானதை. 3 ஆண்டுப் பட்டத்தை அதற்கு இணையாக ஏற்பதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அனுபவத்துக்குச் சான்று தருபவர்

பெரும்பாலான மாநிலங்கள் 150 கிரெடிட் வழியில் வருவோரிடம் ஓராண்டு அனுபவம் கேட்கின்றன. எத்தனை ஆண்டு என்பதைவிட, அதற்கு யார் சான்றளிப்பார் என்பதே பெரிய கேள்வி. நடப்பில் உள்ள அமெரிக்கச் சி.பி.ஏ. உரிமம் கொண்ட ஒருவர் அந்தப் பணியை மேற்பார்வையிட்டோ சரிபார்த்தோ கையொப்பமிட வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஈரோட்டில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் 10 ஆண்டு உழைத்தவரிடம் அனுபவம் நிறைய இருக்கும். அதற்குச் சான்று தரத் தகுதியுள்ளவர் அந்த அலுவலகத்தில் இல்லாமல் போகலாம்.

டெலாய்ட், பி.டபிள்யூ.சி., இ.ஒய்., கே.பி.எம்.ஜி. ஆகிய நான்கு பெருநிறுவனக் குடும்பங்களும் அமெரிக்கப் பணிகளுக்காக இந்திய நகரங்களில் பெரிய மையங்களை நடத்துகின்றன. இத்தகைய மையங்களில் அமெரிக்க நிறுவனக் கணக்குகளில் வேலை செய்பவர்களுக்கு, உரிமம் பெற்ற மேலதிகாரி கிடைப்பது எளிது. அப்படிப் பெற்ற அனுபவத்தை ஏற்கும் வாரியங்கள் உண்டு. ஆகவே இந்தியாவில் இருக்கும்போதே உரிமம் முழுவதையும் முடித்துக்கொண்டு புறப்பட எண்ணுபவர், தாம் இப்போது செய்யும் வேலை கணக்கில் சேருமா என்பதைத் தேர்வுக் கட்டணம் கட்டும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும். வேலையை விட்டு வந்த பிறகு பழைய மேலதிகாரியிடம் சான்று கேட்பது கடினம். அவர் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். இல்லையேல் அவருடைய உரிமம் புதுப்பிக்கப்படாமல் இருக்கும்.

அனுபவத்தின் வகையும் பார்க்கப்படும். கலிபோர்னியாவில் பொதுக் கணக்கியல் அனுபவத்தால் பெறும் உரிமம் வேறு, தணிக்கை அறிக்கையில் கையொப்பமிடும் அதிகாரத்துடன் பெறும் உரிமம் வேறு என்ற பிரிவு நெடுநாளாக இருந்துவந்தது. இரண்டாவதற்கு 500 மணி நேரத் தணிக்கை அனுபவம் வேண்டும். வரிப் பிரிவிலேயே இருந்தவர் பிறகு தணிக்கைக்கு மாற நினைத்தால் இந்த 500 மணி நேரம் குறுக்கே நிற்கும்.

மாநிலம் விட்டு மாநிலம்

ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்றவர் இன்னொரு மாநிலத்தில் பணி செய்ய இரு வழிகள் உள்ளன. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இத்துறையில் காணும் பெரும்பிழை.

முதலாவது, நடமாடும் உரிமை. தம் தலைமை அலுவலகத்தை ஒரு மாநிலத்தில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது பிற மாநில வாடிக்கையாளருக்குப் பணி செய்பவருக்கு உரியது இது. அவர் அந்த மாநிலத்தில் தனி உரிமம் வாங்க வேண்டியதில்லை. உரிமம் தந்த மாநிலத்தின் தகுதி விதிகள் பிற மாநிலங்களின் விதிகளுக்குக் கணிசமாக இணையானவை என்பதே இதன் அடிப்படையாக இருந்துவந்தது. கல்வி விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் விலகத் தொடங்கியதால், மாநிலத்தைப் பார்க்காமல் தனிநபரின் தகுதியைப் பார்க்கும் முறைக்குப் பல மாநிலங்கள் சட்டத்தை மாற்றிவருகின்றன. எல்லா மாநிலங்களும் ஒரே நாளில் மாறவில்லை. இடைப்பட்ட இக்காலத்தில் 150 கிரெடிட் இல்லாத புதுவழியில் உரிமம் பெற்றவரை, இன்னும் மாறாத ஒரு மாநிலம் ஏற்கத் தயங்கலாம். இடம்பெயரும் எண்ணம் உள்ளவருக்கு, முடியுமானால் 150ஐ நிறைவு செய்வதே இப்போதைக்குப் பாதுகாப்பான வழி.

இரண்டாவது, பரிமாற்ற உரிமம். குடும்பத்தோடு டாலசில் குடியேறி அங்கேயே அலுவலகம் போகத் தொடங்கியவருக்கு நடமாடும் உரிமை பயன்படாது. தலைமை இடமே மாறிவிட்டதால் அவர் டெக்சாஸ் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேர்வை மறுபடி எழுத வேண்டியதில்லை. ஆனால் அவருடைய கல்வியும் அனுபவமும் புதிய மாநிலத்தின் விதிக்கு ஒத்துவருகின்றனவா என்று பார்க்கப்படும். ஒத்துவராதவர்களுக்கு, மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிச் சட்டத்தில் ஒரு சலுகை இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய 10 ஆண்டுகளில் 4 ஆண்டு, தேர்வில் தேறிய பிறகு பெற்ற தொழில் அனுபவம் இருந்தால், கல்வியில் உள்ள குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அது. புதிதாக உரிமம் பெற்ற இளைஞருக்கு இந்த 4 ஆண்டு இருக்காது என்பதை மறக்கக் கூடாது. உரிமம் பெற்ற ஓரிரு ஆண்டில் இடம்பெயர்பவர்தான் இதில் அதிகம் அகப்படுகிறார்.

தேர்வில் தேறி, இன்னும் உரிமம் பெறாத நிலையில் ஊர் மாறுபவருக்கு மூன்றாவதாக ஒரு வழி உண்டு. மதிப்பெண்களைப் பழைய மாநில வாரியத்திலிருந்து புதிய வாரியத்துக்கு மாற்றச் சொல்லி, புதிய மாநிலத்திலேயே முதல் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். போகும் இடம் உறுதியாகத் தெரிந்தவருக்கு, பழைய இடத்தில் ஒன்று, புதிய இடத்தில் ஒன்று என இரண்டு உரிமங்களுக்குப் பணம் கட்டுவதைவிட இது சிக்கனம்.

ஓர் எடுத்துக்காட்டு. நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒருவர் இன்னும் 8 மாதத்தில் டெக்சாசுக்கு மாற்றலாகப் போகிறார். 2 தாள்களில் தேறியிருக்கிறார். அனுபவம் 6 மாதம் ஆகியிருக்கிறது. இவர் இருக்கும் இடத்திலேயே தேர்வை முடிக்கலாம், அதில் இழப்பில்லை. மீதமுள்ள கல்வித் தேவையை மட்டும் டெக்சாசின் பட்டியலைப் பார்த்து நிரப்ப வேண்டும். 6 மாத அனுபவத்துக்கான சான்றைக் கிளம்பும் முன்பே இப்போதைய மேலதிகாரியிடம் கையொப்பமாக வாங்கிவைக்க வேண்டும். தேர்வைப் பொறுத்தவரை இருக்கும் இடம், கல்வியைப் பொறுத்தவரை போகும் இடம் என்பது இவருக்கான விடை. இதே மனிதருக்கு மாற்றல் உத்தரவு வர இன்னும் 3 ஆண்டு ஆகும் என்றால் விடை மாறிவிடும். அப்போது நியூ ஜெர்சி உரிமத்தையே முதலில் பெற்று, தொழில் அனுபவத்தைச் சேர்த்துக்கொண்டு, பிறகு பரிமாற்றம் கேட்பது நல்லது. வரும் என்று நம்பும் மாற்றலுக்காகக் கையில் கிடைக்கும் உரிமத்தைத் தள்ளிப்போடுவது வீண்.

இந்தியாவிலிருந்து எழுதுவோர்

2011இல் சி.பி.ஏ. தேர்வு அமெரிக்காவுக்கு வெளியே ஜப்பானிலும் மேற்காசிய நாடுகள் சிலவற்றிலும் நடத்தப்படத் தொடங்கியது. இந்தியாவில் 2020இல் வந்தது. தேர்வு மையங்களுள் சென்னை, பெங்களூர், ஐதராபாத், திருவனந்தபுரம் ஆகியவையும் அடங்கும். அதற்கு முன் இந்தியத் தேர்வர்கள் 4 தாள்களுக்காக வெளிநாடு பறக்க வேண்டியிருந்தது. விசா மறுக்கப்பட்டால் அத்தோடு எல்லாம் நின்றது.

சென்னையில் எழுதினாலும் விண்ணப்பம் ஓர் அமெரிக்க மாநில வாரியத்தின் வழியாகவே போகிறது. சில வாரியங்கள் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண் கேட்கும்; சில தம் எல்லைக்குள் வசிப்பதையோ பணியாற்றுவதையோ கேட்கும். இவற்றைக் கேட்காத வாரியங்களை வெளிநாட்டினர் நாடுவது இயல்பு. மொன்டானா, வாஷிங்டன், பசிபிக் தீவான குவாம் ஆகிய பெயர்கள் பயிற்சி மையங்களில் அடிக்கடி கேட்பது இதனால்தான். அந்தப் பட்டியலில் தவறில்லை. ஆனால் எந்த வாரியம் வசதி என்பதைப் பயிற்சி மையம் தன் கண்ணால் பார்க்கிறது; மாணவரைச் சீக்கிரம் தேர்வறைக்கு அனுப்புவதே அதன் வேலை. தேர்வறைக்கு அப்பால் 5 ஆண்டு கழித்து மாணவர் எந்த ஊரில் இருப்பார் என்று கேட்க வேண்டியவர் மாணவரும் அவர் பெற்றோரும்தான்.

இங்கே இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. முதல் தாளில் தேறியதிலிருந்து குறித்த காலத்துக்குள் மற்ற மூன்றிலும் தேற வேண்டும். தவறினால் பழைய தேர்ச்சி காலாவதியாகும். நெடுங்காலம் 18 மாதமாக இருந்த இக்கெடுவைப் பல வாரியங்கள் 30 மாதமாக நீட்டியுள்ளன. இரண்டாவது கடிகாரம் பலர் கண்ணில் படுவதில்லை. அமெரிக்காவுக்கு வெளியே தேர்வெழுதுபவர், தேர்ச்சி பெற்ற 3 ஆண்டுக்குள் உரிமம் பெற்றுவிடுவதாக ஓர் ஒப்புதலில் சம்மதம் தெரிவிக்கிறார். தேர்வை முடித்துவிட்டு அமெரிக்க வேலை கிடைக்கும்போது உரிமம் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவருக்கு இது கண்ணி. ஆகவே இந்தியாவில் இருந்தபடியே கல்வி, அனுபவம் இரண்டையும் ஏற்று உரிமம் வரை அழைத்துப் போகும் வாரியத்தைத் தேர்வது முக்கியம். முதல் உரிமம் எந்த மாநிலத்தினுடையதாக இருந்தாலும், அது கையில் இருந்தால் பிறகு பரிமாற்றம் கேட்க வழி இருக்கும்.

சி.பி.ஏ. உரிமம் அமெரிக்காவுக்குள் நுழையும் அனுமதிச் சீட்டு அல்ல. எச்-1பி போன்ற வேலை விசாவுக்கு முதலாளி விண்ணப்பிக்க வேண்டும். குலுக்கலில் பெயர் வர வேண்டும். உரிமம் இருந்தால் விசா உறுதி என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பத்தக்கதன்று.

முதலில் சி.ஏ. முடிக்கலாமா?

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. இந்தியாவில் நிறுவனச் சட்டத்தின் கீழ் தணிக்கையாளராக நியமிக்கப்பட அந்நிறுவனத்தின் உறுப்பினராகவும் தொழில் நடத்தும் சான்று பெற்றவராகவும் இருக்க வேண்டும். அமெரிக்கச் சி.பி.ஏ.வோ பிரித்தானிய ஏ.சி.சி.ஏ.வோ இந்த உரிமையை இந்தியாவில் தராது. திரும்பி வந்து சொந்த ஊரில் அலுவலகம் திறக்கும் எண்ணம் ஓரளவேனும் இருந்தால், சி.ஏ.வை நடுவில் விட்டுவிட்டுப் போவது பின்னாளில் வருந்த வைக்கும். அனுபவப் பயிற்சிக் காலம் 2023ஆம் ஆண்டின் புதிய திட்டத்தில் 3 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகக் குறைக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கது.

சி.ஏ. உறுப்பினருக்கு எல்லா நாட்டுக் கதவும் ஒரே அளவில் திறப்பதில்லை. இங்கிலாந்து, வேல்சு பட்டயக் கணக்காளர் நிறுவனத்துடனும் ஆஸ்திரேலிய அமைப்புகளுடனும் இந்திய நிறுவனம் ஒப்பந்தங்கள் செய்துள்ளது. அவற்றின் வழியே பல தாள்களில் விலக்குப் பெறலாம். அமெரிக்காவுடன் அப்படிப்பட்ட உடன்பாடு இந்திய நிறுவனத்துக்கு இல்லை. ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளின் அமைப்புகளுக்கு அமெரிக்காவுடன் உடன்பாடு உண்டு. அவற்றின் உறுப்பினர்கள் முழுத் தேர்வை எழுத வேண்டியதில்லை. இந்தியச் சி.ஏ. முழுத் தேர்வையும் எழுத வேண்டும். அவர் படித்த தணிக்கையும் நிதிக் கணக்கியலும் அங்கே கைகொடுக்கும். அமெரிக்க வரிச்சட்டம் மட்டும் முதலிலிருந்து படிக்க வேண்டியது.

பிற நாடுகளில்

கனடா இவ்வகையில் அமெரிக்காவை ஒத்தது: உறுப்பாண்மையை மாகாண அமைப்புகளே தருகின்றன. ஒண்டாரியோ, கியூபெக் அமைப்புகள் தேசிய அமைப்பிலிருந்து 2024 இறுதியில் விலகியது, மாகாணமே அங்கு முதல் என்பதைக் காட்டும். டொரண்டோ செல்லும் தமிழர் ஒண்டாரியோ அமைப்பின் விதியைத்தான் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் நிறுவனத் தணிக்கையாளர் பதிவு நடுவண் அரசின் ஆணையத்திடம் இருப்பதால், மெல்பேணிலிருந்து சிட்னிக்கு மாறுவதால் உரிமத்தில் சிக்கல் வராது.

பிரித்தானியாவில் "கணக்காளர்" என்ற சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை, எவரும் போட்டுக்கொள்ளலாம். தணிக்கைக் கையொப்பத்துக்கு மட்டும் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு ஒன்றில் தணிக்கையாளராகப் பதிய வேண்டும். 1904இல் தொடங்கிய ஏ.சி.சி.ஏ. 13 தாள்கள் கொண்டது. முன்படிப்பைப் பொறுத்து 9 தாள் வரை விலக்குக் கிடைக்கும். 36 மாத அனுபவமும் வேண்டும். எந்த நாட்டுக்குப் போவோம் என்றே தெரியாத மாணவருக்கு அதன் பன்னாட்டுப் பரவல் கவர்ச்சியானது. ஆனால் ஏ.சி.சி.ஏ. உறுப்பினர் ஆவதும் ஒரு நாட்டில் தணிக்கை உரிமம் பெறுவதும் வேறுவேறு. இலங்கையில் 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனம் இந்தியாவின் நிறுவனத்தைப் போன்ற இடத்தை வகிக்கிறது.

வாரியத்திடம் கேட்க வேண்டியவை

மாநில வாரியங்களின் விதிகள் அடிக்கடி மாறுவதால், சென்ற ஆண்டு எழுதியவரின் அனுபவம் இந்த ஆண்டு பொருந்தாமல் போகலாம். வாரியத்தின் இணையதளத்தைப் படித்து, தெளிவில்லாததை மின்னஞ்சலில் கேட்டு, வந்த மறுமொழியைச் சேமித்து வைப்பது நல்லது. தொலைபேசியில் கிடைத்த பதிலுக்குப் பின்னர் சான்று இருக்காது. என் 3 ஆண்டுப் பட்டத்தை உரிமத்துக்கு ஏற்பீர்களா, தேர்வுக்கு மட்டும் ஏற்பீர்களா? எந்த மதிப்பீட்டாளரின் அறிக்கை செல்லும்? உரிம நிலையில் சமூகப் பாதுகாப்பு எண் வேண்டுமா? அமெரிக்காவுக்கு வெளியே பெற்ற அனுபவம் சேருமா, அதற்குச் சான்றளிப்பவர் உங்கள் மாநிலத்து உரிமமே வைத்திருக்க வேண்டுமா? இந்தக் கேள்விகளை முதலில் இப்போது எழுதப்போகும் வாரியத்திடமும், அடுத்துக் குடியேற எண்ணும் மாநிலத்தின் வாரியத்திடமும் கேட்க வேண்டும். இரு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடைவெளி எங்கே என்று தெரிந்துவிடும்.

உரிமம் கிடைத்த பிறகும் தொடர்செலவு உண்டு. கலிபோர்னியாவில் 2 ஆண்டுக்கு 80 மணி நேரமும் டெக்சாசில் 3 ஆண்டுக்கு 120 மணி நேரமும் தொடர்கல்வி முடிக்க வேண்டும். புதுப்பிப்புக் கட்டணம் தனி. இரு மாநில உரிமம் வைத்திருப்பவர் இரண்டின் கெடுவையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இடம்பெயர்ந்து புதிய உரிமம் பெற்ற பலர், பழைய மாநில உரிமத்தைச் செயல்படா நிலைக்கு மாற்றிவிடுகிறார்கள். வாரியத்துக்கு எழுதித் தெரிவிக்காமல் அதை வெறுமனே காலாவதியாக விட்டுவிட்டால், மற்றொரு மாநிலத்தில் விண்ணப்பிக்கும்போது பழைய உரிமத்தின் நிலை பற்றிய கேள்வி எழும். அதற்கு விளக்கம் எழுதித் தர வேண்டியிருக்கும்.